இரண்டு ஆட்டிலும் பெயரில்லாத பாளைகட்டி

எரிகோவில் பேரீச்ச மரத்தைப் புகழாத ஆள் கிடையாது. ஏறுகிற ஆள்தான் குறைவு. பெரிய மனிதர் ஒருவர் செத்தால் போதும், பாடைக்கு முன்னால் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேரீச்சைபோல நிமிர்ந்து வாழ்ந்தவர் என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பெரிய மனிதர் உயிரோடு இருந்த காலத்தில் வரி வாங்குகிறவனைக் கண்டால் எந்தப் பக்கம் வளைந்தார், ஆசாரியரைக் கண்டால் எந்தப் பக்கம் வளைந்தார் என்பதெல்லாம் அன்றைக்கு மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. கேட்டுக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் யாக்கீமும் இருப்பான். முப்பத்தெட்டு வருடம் மரம் ஏறியவன். நேரான பேரீச்சை ஒன்றைக்கூட அவன் இதுவரை பார்த்ததில்லை. எல்லாம் எங்கோ ஓர் இடத்தில் ஒடிந்தோ, முறுக்கியோ, வெயிலுக்குப் பயந்து சாய்ந்தோதான் இருக்கும். கீழே நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது. தெரியாதவரைக்கும் புகழ்ச்சிக்குக் குறைவில்லை.

யாக்கீமின் வேலை பாளை கட்டுவது. ஆண் மரத்தில் ஏறி, வெளுத்த பாளையை அறுத்து, உள்ளே இருக்கும் பூச்சரங்களைப் பிரித்து, துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வான். பிறகு பெண் மரத்தில் ஏறுவான். அவளுடைய பாளை வெடித்திருக்க வேண்டும். வெடித்து நாலு நாளைக்குள் மூன்று சரத்தைத் தலைகீழாக அதற்குள் செருகி, ஓலைக் கீற்றால் தளர்வாக ஒரு கட்டு. அவ்வளவுதான். அந்தக் கட்டு விழாவிட்டால் குலை வரும், பழம் வரும், ஆனால் கொட்டையும் இருக்காது, சதையும் இருக்காது. கழுதைகூட முகர்ந்து பார்த்துவிட்டு நடந்துவிடும். ஊரின் பாயும் கூடையும் துடைப்பமும் கயிறும் கூரையும் சாராயமும் தேனும் அந்த மூன்று சரத்தில் தொங்குவதாக யாக்கீம் நினைத்துக்கொள்வான். வெளியே சொல்ல மாட்டான். சொல்ல யாரும் இல்லை.

இதில் ஒரு சிக்கல். பாளைகள் வெடிப்பது வருடத்தின் முதல் மாதமான நிசானில். ஆலயத்தில் ஆடறுத்து எருசலேமிலேயே உண்ணும் பஸ்காப் பண்டிகையும் நிசானில்தான். பதினாலாம் தேதி நாடு முழுக்க நடுப்பகலோடு வேலையை நிறுத்திவிட்டு ஆட்டைத் தேடும். எரிகோக்காரன் மட்டும் அன்றைக்குப் பொழுது சாயும்வரை மரத்தின்மேல் இருப்பான். எருசலேமின் வேத அறிஞர்கள் இதைப் பற்றிப் பல வருடம் விவாதித்து, ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் தடுப்பதுமில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். பேரீச்சம் பழம் தின்னும் வாயால் அதைவிடக் கடுமையாக என்ன சொல்ல முடியும்.

பொழுது சாயும்வரை மரத்தில் இருப்பவன் அன்றிரவே எருசலேமில் ஆட்டிறைச்சி தின்ன முடியாது. நடுவில் ஒரு நாள் ஏற்றம் இருக்கிறது, ஏற்றத்தில் கள்வர்கள் இருக்கிறார்கள். எனவே குடும்பஸ்தர்கள் முறை போட்டுக்கொள்வார்கள். இந்த வருடம் அண்ணன் போனால் அடுத்த வருடம் தம்பி. தனியாள் யாரோடு முறை போடுவான்? தொலைவில் மாட்டிக்கொண்டவனுக்கும் பிணத்தைத் தொட்டுத் தீட்டானவனுக்கும் ஒரு மாதம் கழித்து இரண்டாம் பஸ்கா உண்டு. யாக்கீம் பதினாறு வருடமாக இரண்டாம் பஸ்காக்காரன்.

அதுவும் பஸ்காதான். ஆடு உண்டு, அப்பம் உண்டு, கசப்புக் கீரை உண்டு. ஆனால் முதல் மாதம் தின்றவன் இரண்டாம் மாதம் தின்ன முடியாது. ஆகவே எருசலேமில் இருக்கும் அண்ணனும் தங்கையும் அவனோடு உட்கார முடியாது. தனியாக ஒருவன் முழு ஆட்டைத் தின்னவும் முடியாது. ஒரு கூட்டத்தில் சேர வேண்டும். ஆட்டை அறுப்பதற்கு முன்னாலேயே இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லி எண்ண வேண்டும். இரண்டாம் மாதம் கிடைக்கும் கூட்டம் எது? முதல் மாதம் பிணம் தூக்கியவர்கள். ஆகப் பதினாறு வருடமாக யாக்கீம் பண்டிகை கொண்டாடியது இழவு வீட்டுக்காரர்களோடு. ஒவ்வொரு வருடமும் வேறு வேறு இழவு. ஒரு முகத்தைக்கூட அவன் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

போன வருடம் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் அவனைச் சேர்த்துக்கொண்டது. தாயைப் புதைத்தவர்கள். சாப்பாட்டுக்கு நடுவில் மூத்த மகன் கீரையை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஐயா, நீங்க யாரப் புதைச்சீங்க?"

வழக்கமாக இதற்கு யாக்கீம், யாரையும் இல்லை, மரத்துமேல இருந்துட்டேன் என்பான். உடனே துக்கத்துக்குக் கட்டணம் கட்டாமல் உள்ளே வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அன்றைக்கு அவன் வாயில் வேறு ஒன்று வந்தது.

"என் வீட்டுக்காரியத்தான்."

"அடப்பாவமே! நல்லா இருந்தாங்களா, இல்ல ரொம்ப நாள் படுத்தாங்களா?"

"படுக்கவே இல்ல. நின்னபடிதான் இருந்தா. நல்ல உயரம். அதிகம் பேச மாட்டா. வருஷத்துல ஒரு நாலு நாளுதான் கோவம் வரும். அந்த நாலு நாளும் கூடவே இருக்கணும், இல்லாட்டி வருஷம் பூரா மூஞ்சி குடுக்க மாட்டா."

"கொடுத்து வச்சவரு ஐயா நீங்க," என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நல்ல தொடைக்கறியை எடுத்து அவன் பக்கம் வைத்தாள். அந்தக் குடும்பமே அவன் தோளைத் தொட்டது. பிரியும்போது மூத்தவன் கட்டிப்பிடித்துக்கொண்டான். யாக்கீம் எரிகோவுக்கு இறங்கும் வழியெல்லாம் வெட்கப்பட்டான். பொய் சொன்னதற்காக இல்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது, அதற்காக.

கல்யாணம் அவனுக்கு ஒரே ஒரு முறை நிச்சயமாகி இருந்தது. பெண் வீட்டார் குறித்த நாள் பாளை வெடிக்கும் வாரத்தில் விழுந்தது. பத்து நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டான். மரத்துக்காக மகளைக் காக்க வைக்கும் மாப்பிள்ளை வேண்டாம் என்று பெண்ணின் தகப்பன் எண்ணெய் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டான். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். யாக்கீமும் சிரித்தான். சிரிப்பு தேய்ந்து போனபோது அவனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரும் பேரீச்சையால்தான் பிழைக்கிறார்கள், மரத்தில் கை வைக்காமல். அண்ணன் மத்தனியா எருசலேமில் ஓலைக் கடை வைத்திருக்கிறான். கூடாரப் பண்டிகைக்குக் குருத்து, வெற்றி ஊர்வலத்துக்கு மட்டை. எந்த அரசன் ஜெயித்து வந்தாலும் அவன் கடை ஓலைதான் ஆடும். அவனைத் துரத்திவிட்டு வேறொருவன் வந்தாலும் அதே ஓலை, கொஞ்சம் காய்ந்தது. தங்கை சிப்பொராளின் கணவன் எலியாசிப் சுண்ணாம்புச் சிற்பி. பணக்காரர் வீட்டுச் சுவர்களில் பேரீச்ச மரம் செதுக்குவான். அவன் செதுக்கும் மரத்தில் ஆண் பூவும் பெண் பழமும் ஒரே மரத்தில் காய்க்கும். இப்படி மரம் உண்டா மாப்பிள்ளை என்று யாக்கீம் ஒருதரம் கேட்டுவிட்டான். நீதிமானுக்கு அடையாளமான மரத்தில் அதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று பதில் வந்தது.

இந்த வருடம் யாக்கீம் ஒரு முடிவுக்கு வந்தான். அந்த எட்டுப் பேரின் கை அவன் தோளில் ஒரு வருடமாக இருந்துகொண்டே இருந்தது. பொய்க்குக் கிடைத்ததே இவ்வளவு சூடாக இருந்தால், உண்மையான சொந்தத்தோடு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் மரத்தின் உச்சியில் அவனுக்குத் தோன்றியது. பதினாலாம் தேதி விடியுமுன் கிளம்பிவிடுவது. அன்று மாலை அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ பெயர் சொல்லி எண்ணப்பட்ட ஆளாக உட்காருவது.

எந்த வீடு என்பதில்தான் தயக்கம். ஒரு வீட்டுக்குச் சொல்லி மற்ற வீட்டை விட்டால் மனக்கசப்பு. எனவே ஒரே அளவில் இரண்டு ஜாடி பேரீச்சைத் தேன் எடுத்தான். கழுதைக்காரனிடம் கொடுத்தான்.

"ஒண்ணு அண்ணன் வீட்டுக்கு, ஒண்ணு தங்கச்சி வீட்டுக்கு. ரெண்டு வீட்லயும் ஒரே வார்த்தைதான் சொல்லணும். இந்த வருஷம் பதினாலாந் தேதியே வர்றேன், என்னைய எண்ணிக்கோங்கன்னு."

"யார் எண்றது?"

"அத அவங்க பேசிக்குவாங்கப்பா. அண்ணன் தங்கச்சிதானே."

கழுதைக்காரன் ஐந்தாம் நாள் திரும்பி வந்தான்.

"ரெண்டு வீட்லயும் சொல்லிட்டேன். ரெண்டு வீட்லயும் ஒரே சந்தோஷம்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னொரு ஜாடி யாருக்குன்னு கேட்டாங்க. சொன்னேன். ஓகோன்னாங்க."

யாக்கீமுக்கு அந்த ஓகோ போதுமானதாக இருந்தது.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் பக்கத்து வரிசையில் பாளை கட்டும் சல்லூம் இடுப்புக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். யாக்கீமைவிடப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

"என்ன யாக்கீமண்ணே, நெசமாத்தான் போறீங்களா? கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை மலையேறிப் போனான்னு நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"ஒரு நாளு நீ மாப்பிள்ளையா இருடா. கையும் காலும் நல்லாத்தானே இருக்கு."

"எனக்கே இருபத்திமூணு மரம் இருக்கு. இதுல உங்க மாமியார் வேற."

மாமியார் என்பது வரிசையின் கடைசி மரம். எல்லா மரமும் வெடித்து முடிந்தபிறகு, எல்லோரும் கிளம்பும் சமயம் பார்த்து அவள் பாளை வெடிப்பாள். அந்த மரத்துக்குப் பெயர் வைத்தது யாக்கீம். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு உச்சி வெயில்ல வெடிப்பா," என்றான் யாக்கீம். "மூணு சரம் போதும். தலைகீழா வை. இறுக்கிக் கட்டிடாத, உள்ள காத்து போகணும். கிழக்குப் பக்கமா ஏறு. மேக்கால முள்ளு ஜாஸ்தி."

"பொண்டாட்டிய ஒப்படைச்சிட்டுப் போற மாதிரி இருக்கு."

"செய்வியா, மாட்டியா?"

"செய்யறேன், செய்யறேன். நீங்க போயி வயிறு நெறையக் கறி தின்னுங்க. ஏண்ணே, அங்க அவங்க உங்கள எண்ணிட்டாங்கன்னு நிச்சயந்தானே?"

"ரெண்டு வீட்லயும் சொல்லியிருக்கேன்டா."

"ரெண்டு வீட்லயா? அடேயப்பா. ஒரு ஆளுக்கு ரெண்டு ஆடு. ராஜாவுக்குக்கூட அப்படி கெடையாதே!"

யாக்கீம் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

கோழி கூவுவதற்கு முன்னால் கிளம்பி, கலிலேயாவிலிருந்து வந்த ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டான். பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினார்கள். யாக்கீமுக்குப் பாட்டு தெரியும், ஆனால் அதை மரத்தின்மேல் தனியாகப் பாடித்தான் பழக்கம். கூட்டத்தோடு பாடும்போது அவன் மட்டும் ஒரு வரி முன்னால் போய்விட்டான். இரண்டு முறை அப்படி ஆனதும் வாயை மட்டும் அசைத்தான். வெயில் ஏற ஏற, திரும்பித் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தான். கீழே எரிகோ, கைக்குட்டை அளவு பச்சை. அதன் ஓரத்தில் மாமியார் இந்நேரம் வெடிக்கத் தொடங்கியிருப்பாள்.

"ஊர்ல ஏதும் மறந்து வச்சிட்டீங்களா?" என்று ஒரு கலிலேயாக்காரி கேட்டாள்.

"இல்லம்மா. வீட்டுக்குத்தான் போறேன்," என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே அது விசித்திரமாகப் பட்டது.

எருசலேமுக்குள் நுழையும்போது பிற்பகல் சாய்ந்திருந்தது. தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு ஆலயத்திலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தோலுரித்த ஆடு, தோலிலேயே சுற்றியிருந்தது. முற்றங்களில் அடுப்பு மூட்டிய புகை. யாக்கீம் அண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் போனான், மூத்தவருக்கு மரியாதை. வாசலில் மத்தனியா மாதுளைக் கொம்பில் ஆட்டைக் கோத்துக்கொண்டிருந்தான்.

"டேய் யாக்கீம்! வாடா வாடா! மரத்த விட்டுட்டு எறங்கிட்டியே, அது கீழ விழுந்துடாதா?"

அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அடடே, கொழுந்தனாரா! தேன் கெடச்சுது. அருமை. ஏன் இங்க நின்னு நேரத்தக் கழிக்கிறீங்க? சிப்பொரா அங்க காத்துக்கிட்டு இருப்பாளே!"

யாக்கீம் புரியாமல் ஆட்டைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணே, இங்க என்னைய எண்ணலியா?"

"எப்படிடா எண்றது? ஒரே ஆள ரெண்டு ஆட்டுல எண்ணக்கூடாது, தெரியுமில்ல? ரெண்டு ஜாடி வந்திருக்கு, ரெண்டு வீட்லயும் சொல்லி இருக்கான்னு கழுதைக்காரன் சொன்னான். நீ அவகிட்டத்தான் போவன்னு எனக்குத் தெரியாதா? சின்னதுலேர்ந்து நல்ல பழமாப் பொறுக்கி அவளுக்குத்தானே ஒளிச்சு வைப்ப. அவ மனசு நோவக் கூடாதேன்னு விட்டுக் குடுத்துட்டேன்."

விட்டுக் கொடுத்ததில் அவன் முகம் ஒளிர்ந்தது. தியாகம் செய்தவனின் முகத்தைப் பார்த்துக் குறை சொல்ல யாக்கீமுக்கு வரவில்லை. மேலும், தங்கை வீட்டில் எண்ணியிருக்கிறார்கள் அல்லவா. அவன் காலில் பட்ட தூசியைக்கூடத் தட்டாமல் கீழ்த்தெருவுக்கு இறங்கினான். கொஞ்ச தூரம் ஓடினான் என்றும் சொல்லலாம். ஐம்பத்தாறு வயது ஆள் ஓடுவதை யாரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் ஆடு.

சிப்பொராள் முற்றத்தில் அடுப்புச் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சின்னண்ணே! வந்துட்டீங்களா! முள்ளு குத்தின கைய இன்னும் சரி பண்ணலியா நீங்க? உக்காருங்க. தண்ணி குடிங்க. குடிச்சிட்டு சீக்கிரம் கெளம்புங்க, பெரியண்ணன் வீட்ல தேடப் போறாங்க."

யாக்கீம் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான்.

"அங்கேருந்துதாம்மா வர்றேன்."

"சரி, பாத்துட்டு வந்துட்டீங்க. இப்போ திரும்பப் போகணுமில்ல?"

"அண்ணன் எண்ணல. நீ எண்ணியிருப்பன்னு சொல்றாரு."

சிப்பொராள் கையை விட்டாள். "நானா? பெரியவரு இருக்கயில நான் எப்படிண்ணே உங்கள எடுத்துக்க முடியும்? தங்கச்சி முந்திக்கிட்டான்னு அண்ணி பேச மாட்டாங்களா? எண்ணணும்னு எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா? இவருகிட்டயே சொன்னேன். மூத்தவங்க உரிமை, நாம கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டோம்."

எலியாசிப் கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும், எதையும் சட்டத்தால் நிமிர்த்திவிடலாம் என்று நம்பும் ஆளைப்போலத் தலையைச் சாய்த்தான்.

"மச்சான், ஒண்ணும் பயப்படாதீங்க. ஆட்ட அறுக்கற வரைக்கும் யாரும் சேரலாம், யாரும் விலகலாம். அதுதான் முறை."

"அறுத்தாச்சா?"

"அறுத்தாச்சு."

"அப்போ?"

"அப்போ... ஆடறுக்க மூணாவதா, கடைசியாப் போற கூட்டம் இப்போ ஆலயத்துக்குள்ள போயிருக்கும். அதுல யாராவது கடைசி நேரத்துல..." அவன் மாடிப்படியில் ஏறி ஆலயத்தின் பக்கம் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "முடிஞ்சுது. ஆசாரியருங்க முற்றத்தைக் கழுவறாங்க. தண்ணி ஓடறது இங்கேருந்தே தெரியுது."

இரண்டு வீட்டாரும் ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்காமல் காப்பாற்றியிருந்தார்கள். அண்ணனுக்குக் குறையில்லை, தங்கைக்குக் குறையில்லை. சட்டமும் மீறப்படவில்லை, ஒரே ஆள் இரண்டு ஆட்டில் எண்ணப்படவில்லை. கணக்கில் மிஞ்சியது அவன் ஒருவன்தான்.

"நான் ஊருக்கே எறங்கிடறேம்மா," என்றான் யாக்கீம்.

"என்ன பேச்சு பேசறீங்க? இன்னும் கொஞ்சத்துல சூரியன் எறங்கிடும், பண்டிகை ஆரம்பிச்சிடும். ஊர் எல்லையத் தாண்டி ரெண்டாயிரம் முழம் நடந்தாலே நின்னுடணும். நீங்க எரிகோ போறீங்களாம் எரிகோ!" சிப்பொராளின் குரல் கோபமாக இருந்தது, ஆனால் அது யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஏண்ணே ரெண்டு பேருக்கும் சொல்லி விட்டீங்க? ஒருத்தருக்குச் சொல்லியிருந்தா செருப்படி பட்டாவது எண்ணியிருப்போமே!"

"யாரும் வருத்தப்படக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க."

அடுத்த மாதம் இருக்கிறது என்று எலியாசிப் ஆறுதல் சொன்னான். வேண்டுமென்று செய்யவில்லை, தவறிப் போனது. இரண்டாம் பஸ்காவில் தாராளமாகத் தின்னலாம். அதில் சட்டத்துக்கு ஒரு தடையும் இல்லை. யாக்கீம் தலையாட்டினான்.

எருசலேமில் அந்த வாரம் யாருக்கும் தனி அறை கிடையாது. சிப்பொராளின் மாடி அறையைச் கடலுக்கு அப்பால் சிரேனே நகரத்திலிருந்து வந்த பதினோரு யாத்திரிகர்களோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டம், இரண்டு ஆடு, ஒரே அறை. அப்படி ஒரே கூரையின் கீழ் தின்றால் ஒரு முறை உண்டு: ஒரு கூட்டம் இந்தச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், மற்றது அந்தச் சுவரைப் பார்த்து. ஒருவர் ஆடு மற்றவர் ஆட்டோடு கலந்துவிடக் கூடாது. நடுவில் இருந்த இடத்தில் சிப்பொராள் ஒரு பாயை விரித்தாள். எரிகோப் பாய். அதில் யாக்கீமை உட்கார வைத்து, புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் அத்திப்பழத்தோடு அரைத்த பேரீச்சைப் பாகும் வைத்தாள். விளக்கு ஏற்றினார்கள். ஆடு வந்தது. சிரேனேக்காரர்கள் பதினோரு பேரும் கிழக்கே திரும்பினார்கள். தங்கை வீட்டார் ஒன்பது பேரும் மேற்கே திரும்பினார்கள்.

யாக்கீமின் இரண்டு பக்கமும் முதுகுகள்.

அவன் மரத்தின் உச்சியிலிருந்து மனிதர்களை மேலிருந்து பார்த்திருக்கிறான்: தலை, தோள், நிழல். பின்னாலிருந்து இத்தனை பேரை இத்தனை அருகில் பார்த்ததில்லை. எலியாசிப்பின் கழுத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சிரேனேக்காரர் ஒருவரின் காது, மெல்லும்போதெல்லாம் மேலும் கீழும் போய் வந்தது. நெருப்பில் வாட்டிய இறைச்சியின் வாசனை அறை முழுக்க இருந்தது; அதை எண்ணப்படாதவனுக்கு மட்டும் நிறுத்தி வைக்க எந்தச் சட்டமும் இல்லை.

கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது, முகம் திரும்பாமல்.

"இந்தப் பாகுல போட்ட தேனு எந்த ஊரு? எங்க ஊர்லயும் பேரீச்சை இருக்கு, இப்படி வராது."

"எரிகோ," என்றது மேற்குப் பக்கத்திலிருந்து எலியாசிப்பின் முதுகு. "எங்க மச்சான் மரத்துது. நடுவுல இருக்காரே, அவருதான்."

"அப்படியா! கைய முத்தம் வைக்கணும் ஐயா உங்களுக்கு. திரும்ப முடியல, மன்னிக்கணும்."

"பரவாயில்லைங்க," என்றான் யாக்கீம்.

"கறியோட இது சேந்தா என்னா ருசி! நீங்களும் சேத்துச் சாப்பிட்டுப் பாருங்க."

மேற்குப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். எலியாசிப்பாகத்தான் இருக்கும்.

"சாப்பிடறேங்க," என்றான் யாக்கீம். அப்பத்தை உடைத்தான். உடைந்த சத்தம் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. சல்லூம் ஏறியிருப்பானா, கிழக்குப் பக்கமாக ஏறினானா, கட்டைத் தளர்வாகக் கட்டினானா என்று நினைக்கப் பார்த்தான். நினைப்பு அந்தப் பக்கம் போகவில்லை. எரிகோவில் இந்நேரம் அவன் குடிசை பூட்டிக் கிடக்கும். அங்கே அவன் இல்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. இங்கே இருப்பது இருபது பேருக்குத் தெரியும், இருபது பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மேற்கு வரிசையில் ஒரு முதுகு அசைந்தது. சிப்பொராள்தான். எழுந்திருக்கவில்லை, எழுந்தால் கூட்டத்தை விட்டு விலகியதாகிவிடும். முகத்தையும் திருப்பவில்லை. கையிலிருந்த எலும்பை வாயில் வைத்தபடியே, இடுப்பால் தரையில் தேய்த்துத் தேய்த்து, ஒரு சாண் பின்னால் நகர்ந்தாள். எலியாசிப், "ஏய், என்ன பண்ற?" என்று சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தான்.

"என்ன பண்றேன்? மூஞ்சி அந்தப் பக்கம்தானே இருக்கு? முறை என்ன சொல்லுது, மூஞ்சியத்தானே சொல்லுது?"

எலியாசிப் யோசித்தான். சட்டத்தில் முதுகைப் பற்றி எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை.

அவள் இன்னும் ஒரு சாண் நகர்ந்தாள். இன்னும் ஒன்று. அவள் முதுகு யாக்கீமின் தோளில் வந்து முட்டியது. கனமான, சூடான, அடுப்புப் புகை வாசமடிக்கும் முதுகு. யாக்கீம் உட்கார்ந்தபடியே உறைந்து போனான். கொஞ்ச நேரத்தில் அவனும் திரும்பி, தன் முதுகை அவள் முதுகில் சாய்த்தான். அவள் இறைச்சியை மென்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு மெல்லும் அவன் முதுகெலும்பில் மெதுவாக இடித்தது. அவன் கீரையைப் பாகில் தோய்த்து வாயில் போட்டு, அவளுக்கும் தெரியட்டும் என்று கொஞ்சம் அழுத்தியே மென்றான்.